ஐசியூ ஸ்கோர் செயலி: எட்டு மாதம் பழகியதில் கண்டது

எங்கள் ஐசியூவில் 12 படுக்கை. ராத்திரியில் டாக்டர் என்று நான் ஒருவன், கூட நாலு சிஸ்டர்கள். நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்பதை எண்ணாகச் சொல்லும் சோஃபா (ஒவ்வொரு உறுப்புக்கும் 0 முதல் 4 புள்ளி), அபாச்சி 2 ஸ்கோர்களை முன்பெல்லாம் கேஸ்ஷீட்டின் பின்பக்கத்தில் பேனாவால்தான் கூட்டுவோம். எட்டு மாதத்துக்கு முன் நிர்வாகம் சந்தா கட்டி ஒரு செயலியை வாங்கிக் கொடுத்தது. பெயர் வேண்டாம். இதே குணமுள்ள வேறு சிலதையும் பார்த்துவிட்டேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. அபாச்சி 2-க்கு முதல் 24 மணி நேரத்தில் பதிவான 12 அளவீடுகளில் ஒவ்வொன்றிலும் மோசமானதைத் தேடி எடுக்க வேண்டும். லேப் ரிசல்ட்டைச் செயலியே இழுத்துக்கொள்வதால் வேலை சட்டென்று முடிகிறது. சிறுநீரகம் திடீரென்று கெட்டிருந்தால் கிரியாட்டினின் புள்ளியை இரட்டிப்பாக்க வேண்டும். நாங்கள் பாதி நாள் மறப்போம், அது மறப்பதில்லை.

சிக்கல், கட்டம் காலியாக இருக்கும்போதுதான். எலிக்காய்ச்சல் சந்தேகத்தோடு ஒரு விவசாயி ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்தார். பிபி 88/52, தட்டணுக்கள் 62,000, கிரியாட்டினின் 3.8, நல்ல நினைவோடு பேசினார். வெஞ்சுரி மாஸ்க்கில் 40 சதவீத ஆக்சிஜன் போயும் சாச்சுரேஷன் (விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் சதவீதம்) 92. ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் டெஸ்ட்) மெஷினில் கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருந்தது. கல்லீரலுக்கான பிலிருபின் (மஞ்சள் காமாலை டெஸ்ட்) காலையில்தான் ஓடும் என்றது லேப். “சார், சோஃபா ஆறுதான் காட்டுது” என்றார் சிஸ்டர். அந்த விவசாயி கண்ணின் மஞ்சளை வாசலிலிருந்தே பார்த்தவன் நான். திரையில் கல்லீரலுக்குப் பூஜ்யம், நுரையீரலுக்கும் பூஜ்யம்.

காலையில் பிலிருபின் 8.4, அதற்கு 3 புள்ளி. ஏபிஜியில் ஆக்சிஜன் 68, அதை 0.4-ஆல் (மாஸ்க்கின் 40 சதவீதம்) வகுத்தால் 170. வெண்டிலேட்டர் இல்லாததால் 2 புள்ளி. ஆறு பதினொன்றாகிவிட்டது. ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் அவர் அப்படியொன்றும் மோசமாகவில்லை, தெரியாததைச் செயலி நார்மல் என்று எழுதி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

காலியாக இருந்தால் நார்மல் என்று வைத்துக்கொள்வது இந்தத் துறையில் பழைய வழக்கம், அதற்காகச் செயலியைத் திட்ட மாட்டேன். அதைச் சொல்லாமல் செய்ததுதான் கோபம். அதோடு ஏபிஜி இல்லாவிட்டாலும் சாச்சுரேஷன் கையில் இருந்ததே! 92-ஐ 0.4-ஆல் வகுத்தால் 230. இந்தக் கணக்கில் 315-க்குக் கீழே போனாலே 2 புள்ளி கொடுக்கலாம் (சாச்சுரேஷன் 97-க்கு மேல் இருந்தால் மட்டும் இதை நம்பக் கூடாது). அந்த வழியே அதில் இல்லை.

மூன்று தடவை மெயில் போட்டோம். புது வெர்ஷனில் ‘விடுபட்டவை 2’ என்று சிவப்பில் வருகிறது, பக்கத்தில் ‘6 முதல் 14 வரை’ என்று எல்லையும் காட்டுகிறது. நல்ல மாற்றம். ஆனால் வெண்டிலேட்டரில் இல்லாத ஆளுக்கு நுரையீரல் 2-ஐத் தாண்டாது, ஆக மேல் எல்லை 12. அந்தப் புத்தி இன்னும் வரவில்லை.

இன்னொரு தொல்லை, நேற்றைய ரிசல்ட்டைத் தேதி போடாமல் இன்றைக்கு நீட்டுவது. பிலிருபினுக்குச் சமாளிக்கலாம். டெங்குவில் நேற்றைய தட்டணு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மயக்க மருந்தில் இருப்பவருக்கு ஜிசிஎஸ் (நினைவை அளக்கும் எண்; 15 முழு நினைவு, 3 ஆக மோசம்) கட்டத்தைக் காலியாக விட்டால் செயலி அடுத்த பக்கம் போகவே விடாது. அவசரத்தில் சிஸ்டர்கள் 3 போட்டுவிடுகிறார்கள். அபாச்சியில் அது ஒன்றே 12 புள்ளி. ட்யூப் போடும் முன் 15 இருந்த ஆளுக்கு! மருந்து கொடுக்கும் முன் இருந்த மதிப்பைத்தான் எழுத வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மாதக் கடைசியில் இதெல்லாம் கணக்காகத் திரும்பி வரும். நடந்த இறப்பை, ஸ்கோர்படி எதிர்பார்த்த இறப்பால் வகுத்து நிர்வாகத்துக்கு ஒரு எண் போகிறது. டெஸ்ட் விட்டுப்போனால் எதிர்பார்ப்பு குறைந்து எங்கள் வார்டு மோசமாகத் தெரியும். ஜிசிஎஸ் 3 போட்டுத் தள்ளினால் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

எனக்கு வேண்டியது, கட்டம் ஏன் காலி என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி. தேவையில்லை என்று எடுக்கவில்லையா, ரிசல்ட் வரவில்லையா, சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிட்டதா (ரத்த அணு உடைந்து வீணாகிவிட்டதா), வீட்டார் பணத்துக்கு யோசித்துத் தள்ளிப்போட்டார்களா? எல்லாமே இப்போது ஒரே காலிக்கட்டம். அதில் கடைசி ரகம்தான் எங்கள் ஊரில் அதிகம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குகிறவர்கள் டெமோ நாளன்று பிலிருபினை அழித்துவிட்டு ஸ்கோரைப் பாருங்கள். எங்கள் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. விற்பனைப் பிரதிநிதி வரும்போது அந்த விவசாயியின் இரண்டு ஸ்கோர்களையும் மேஜையில் வைக்கப்போகிறேன்.