காரியவட்டத்தில் கேரள கிரிக்கெட் லீக்: சிறு குழந்தைகளோடு போகலாமா?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக் குடும்பங்களுக்குத் தொழில்முறைக் கிரிக்கெட்டை நேரில் பார்க்க இரண்டு இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் நடந்துவரும் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானம். மற்றொன்று, 2024இல் தொடங்கிய இருபது ஓவர் தொடரான கேரள கிரிக்கெட் லீக் நடைபெறும் திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை முதன்முதலாக அழைத்துச் செல்வோருக்கு நான் காரியவட்டத்தையே பரிந்துரைப்பேன். அதுவும் சர்வதேச ஆட்டத்துக்கு அல்ல, இந்த லீக் ஆட்டத்துக்கு.

இதே மைதானத்தில் 2017 நவம்பரில் நடந்த முதல் சர்வதேச ஆட்டம் மழையால் 8 ஓவர்களாகக் குறைந்தது. அப்படிப்பட்ட நாளில் நெருக்கியடிக்கும் கூட்டத்தின் நடுவே, எப்போது தொடங்கும் என்று தெரியாமல் நான்கு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருப்பது பெற்றோருக்கும் குழந்தைக்கும் தண்டனைதான். லீக் ஆட்டங்களுக்கோ, சாதாரண நாட்களில் பல வரிசைகள் காலியாகவே கிடக்கின்றன. குழந்தை எழுந்து நிற்கலாம், இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்காரலாம், தூக்கம் வந்தால் படுத்துக்கொள்ளலாம். பின்னால் இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார். பாதியில் எழுந்து வீடு திரும்பினாலும் பணம் வீணானதே என்ற மனக்குறை இருக்காது. சிறு பிள்ளைகளோடு செல்லும்போது இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

இருபது ஓவர் ஆட்டம் முடிய ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தையும் அவ்வளவு நேரம் பொறுமையாக இருக்காது. ஆகையால் அந்த வயதுக் குழந்தைகளை இரண்டாவது இன்னிங்ஸுக்கு மட்டும் அழைத்துச் செல்வதே சரி. "இன்னும் இத்தனை ரன் வேண்டும்" என்று ஒரே வரியில் ஆட்டத்தை விளக்கிவிடலாம். பலகையில் எண் மாறுவதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எட்டு, ஒன்பது வயதினர் முழு ஆட்டத்தையும் கேட்பார்கள். 2025இல் இந்திய அணி வீரர் சஞ்சு சாம்சன் இந்த லீக்கில் கொச்சி அணிக்காக ஆடினார். அதே ஆண்டு கோழிக்கோடு அணியின் சல்மான் நிசார் கடைசி இரண்டு ஓவர்களில் மட்டும் 11 சிக்சர்கள் அடித்தார். அந்த வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒவ்வொரு பவுண்டரிக்கும் சிக்சருக்கும் ஒலிபெருக்கி அலறும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கைக்குழந்தைகள் திடுக்கிட்டு அழுகின்றன. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து தள்ளியிருக்கும் வரிசையில் உட்காருவதோடு, சிறிய காதுக்கவசம் ஒன்றும் கையில் இருப்பது நல்லது. பகல் ஆட்டம் என்றால் மேற்குப் பக்கத்து இருக்கைகளைத் தேடுங்கள். மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

என் இளைய மகளை மிகவும் கவர்ந்தது எந்த மட்டையாளரும் அல்லர். திடீரென்று தூறல் விழுந்தபோது பணியாளர்கள் வரிசையாக ஓடி வந்து, பெரிய விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்து ஆடுகளத்தை மூடினார்கள். மூலையில் ஒருவர் காலால் மிதித்துப் பிடிக்க, மற்றவர்கள் காற்றில் எழும்பிய விரிப்பை அமுக்கினார்கள். அவள் இருக்கையின் மேல் ஏறி நின்று அதைப் பார்த்தாள். மழை விட்டதும், மறுபடி எப்போது மூடுவார்கள் என்று கேட்டாள். தொலைக்காட்சியில் அந்த நேரத்தில் விளம்பரம்தான் ஓடும். எல்லைக் கோட்டருகே நிற்கும் ஃபீல்டர் பார்வையாளர்களைப் பார்த்துக் கையசைப்பதும் அப்படித்தான், நேரில் போனால் மட்டுமே கிடைப்பது.

உணவு விஷயத்தில் எனக்குத் திருப்தி இல்லை. உள்ளே ஒரு கடையில் குளிர்பானத்தை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றார்கள். பொரித்த பொட்டலங்களைத் தவிரக் குழந்தைக்குக் கொடுக்கத் தக்கதாக எதுவும் அங்கே இல்லை. வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்து அழைத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில், குடை போன்றவற்றைக் கிரிக்கெட் மைதானங்களில் வாயிலிலேயே தடுப்பது வழக்கம். பால் புட்டி, மருந்து ஆகியவற்றைச் சோதனையிடுபவரிடம் முதலிலேயே காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. கழிப்பறைக்கு இன்னிங்ஸ் இடைவேளை வரை காத்திருக்காமல் பதினைந்தாவது ஓவர் வாக்கிலேயே கூட்டிச் சென்றால் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

போட்டிகள் ஓணத்தையொட்டி வருகின்றன. 2025இல் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை நடந்தன. ஓணத்தையொட்டிய நாட்களில் கேரளப் பிள்ளைகளுக்கு விடுமுறை. நம் பிள்ளைகளுக்கோ ஓணத்தன்று விடப்படும் உள்ளூர் விடுமுறையும் வார இறுதியும்தான் வாய்ப்பு. காரில் செல்வோர் பாலராமபுரம் நெரிசலில் சிக்காமல், காரோட்டிலிருந்து கழக்கூட்டம் செல்லும் புறவழிச்சாலையைப் பிடிப்பது மேல். ரயிலில் செல்வோர் குழித்துறையில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கினால், அங்கிருந்து காரியவட்டத்துக்குப் பேருந்து உண்டு. பிற்பகல் 2.30 ஆட்டத்துக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். மாலை 6.45 ஆட்டம் முடிவதற்கே பத்து மணி கடந்துவிடும் என்பதால், மறுநாள் பள்ளி உள்ள பிள்ளைகளை அதற்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.