"பிள்ளைகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுமணத்துக்கு வரன் பார்க்கும் ஓர் இணையதளத்தில் அறிமுகமான ஆளிடம் நான் 4,63,500 ரூபாய் இழந்தேன். எனக்கு வயது 62. பாளையங்கோட்டையில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வயதில், என்னைப் போலத் தனியாக இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். 2024 ஆவணியில் மகள்தான் என் விவரங்களை அந்தத் தளத்தில் போட்டாள். "அம்மா, பேச்சுத் துணைக்காவது ஒருத்தர் வேணும்மா" என்றாள். சொந்தக்காரர்களில் சிலர் "இந்த வயசுல இது எதுக்கு" என்று காதில் விழும்படி சொன்னார்கள். "விதவை மறுமணச் சட்டம், 1856" என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று. ஆசைப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

புரட்டாசியில் அந்த ஆள் எழுதினார். வயது 64, மனைவி இறந்துவிட்டார், ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் இன்ஜினியர், சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை அடையாளம் வேறு இருந்தது. மொபைலுக்கு வந்த ஓடிபியைப் போட்டாலே அந்த அடையாளம் கிடைத்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆளையோ, ஆதாரையோ, வேலையையோ யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். தளத்துக்குள்ளே பேசினால் பதிவு இருக்கும், புகார் கொடுத்தால் அவர்கள் எடுத்துக் கொடுக்க முடியும். அதனால்தான் இவர்கள் முதல் வேலையாக நம்மை வெளியே கூட்டிப் போகிறார்கள்.

பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு மெசேஜ் வரும். "எழுந்தாச்சா? காபி ஆச்சா?" அவ்வளவுதான். இதைப் படிக்கிற சின்ன வயதுக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லாத கேள்வியாகத் தெரியலாம். ஏழு வருடமாக ஒரு டம்ளருக்கு மட்டும் டிகாக்‌ஷன் இறக்கிக் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்படி இல்லை. ஃபில்டர் மூடியைத் திறக்கும்போதே போனையும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் ஆறே காலாகியும் மெசேஜ் வரவில்லை. எனக்குக் கை ஓடவில்லை.

ஊரைப் பற்றி நிறையப் பேசுவார். கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஆனித் தேரோட்டம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது என்று எல்லாம் அவரே எடுத்துப் பேசினார். நம் ஊர் ஆள் என்று நெஞ்சில் பதிந்துவிட்டது. இன்றைக்கு யோசித்தால், அதில் ஒன்றுகூட பேப்பரில் வராத விஷயம் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் வழுக்கினார். கல்லிடைக்குறிச்சி வீட்டிலிருந்து அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடம் போனதைச் சொல்லும்போது, "தெரு முனை திரும்பினா ஸ்கூல், அஞ்சு நிமிஷம்" என்றார். ஆற்றுக்குத் தென்கரை கல்லிடைக்குறிச்சி, வடகரை அம்பாசமுத்திரம். நான் மேப்பில் கோடு போட்டுக் காட்டிய ஆறு அது. "நடுவுல தாமிரபரணி ஓடுதே, பாலம் தாண்டித்தானே போகணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஆமா ஆமா, பாலம். எத்தனை வருஷம் ஆச்சு, பாரு, எல்லாம் மறந்துபோச்சு" என்றார். ஊரை விட்டுப் போனவருக்கு மறந்திருக்கும் என்று அவருக்காக நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பேச்சில் எங்கள் ஊர் இழுப்பு இல்லாததற்கும் அதே காரணம்தான். அம்பாசமுத்திரத்தில் படித்தவனுக்கு அந்தப் பாலம் மறக்காது. அன்றைக்கே அது எனக்குத் தெரியும்.

வீடியோ காலில் வந்ததே இரண்டு முறைதான். இருபது விநாடி இருக்கும். முகம் தெரிந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "ரிக்ல சிக்னல் இல்ல" என்றார். எங்கிருந்தோ எடுத்த வீடியோவை ஓடவிட்டுக் கேமரா முன்னால் காட்டுவது பழைய வேலை என்று பிறகு சைபர் கிரைம் போலீஸில் சொன்னார்கள். திரும்பு என்றால் திரும்ப வேண்டும், கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். அதற்கு மறுக்கிற ஆளிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை என்றார் அங்கிருந்த பெண் எஸ்.ஐ. இப்போதெல்லாம் முகத்தையே மாற்றிப் பேசுகிறார்கள், அதனால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம், நேரில் பார்ப்பதுதான் சரி என்றும் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு நாள், ஓய்வு பெற்றபோது கையில் என்ன வந்தது, எதில் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். வீட்டுக்காரர் கேட்பது போலக் கேட்டார். பிக்சட் டெபாசிட் எவ்வளவு, எப்போது முதிர்கிறது என்பதுவரை சொன்னேன். அதே வாரத்தில்தான், "பிள்ளைங்ககிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நான் பொங்கலுக்கு நேர்ல வந்து முறையா கேக்குறேன். அதுதான் மரியாதை" என்றார்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அதுவரை அவர் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கேட்டது ரகசியம் ஒன்றுதான், அதையும் மரியாதை என்ற பெயரில் கேட்டார். நான் கொடுத்தேன். வாரம் தவறாமல் "யாராவது பேசுறாங்களாம்மா?" என்று கேட்ட மகளிடம், "ஒண்ணும் சரியா அமையல" என்று பொய் சொன்னேன். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் அந்த போட்டோ யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்திருப்பாள்.

ஜனவரியில் என் பிறந்தநாள் வந்தது. பரிசு அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு பெட்டியின் படம் அனுப்பினார். பட்டுப் புடவை, வாட்ச், ஒரு ஜோடி வளையல். இரண்டு நாள் கழித்து, டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறேன் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பார்சலை விடுவிக்க 38,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றாள். போனிலேயே அனுப்பினேன். அடுத்த வாரம், பெட்டிக்குள் பவுண்டு நோட்டுகள் இருக்கின்றன, இது கறுப்புப் பணம் மாற்றும் குற்றம், 1,85,000 கட்டாவிட்டால் உங்கள் மேல் வழக்கு என்றாள். அவரோ, "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு வெச்சேன், இப்படி ஆகும்னு தெரியலையே" என்று அழுதார். ஆண்பிள்ளை அழுவதைக் கேட்டு நானும் அழுதேன்.

டெபாசிட்டை உடைக்க வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த அக்கவுண்ட் யாரோடது? சொந்தமா?" என்று கேட்டான். "மகன் ஃப்ளாட் வாங்குறான்ப்பா, பில்டருக்குப் போடுறேன்" என்றேன். "பில்டர்னா கம்பெனி பேர்ல இருக்குமே டீச்சர், இது ஆள் பேரா இருக்கு, அதுவும் வடக்க உள்ள பிராஞ்சு" என்றான். நான் டீச்சர் குரலில், "சொன்னதைச் செய்" என்றேன். அவன் படிவத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் சீல் குத்தினான். பணம் போனதுகூட எனக்கு ஆறிவிடும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை ஆறவில்லை. வங்கியில் யாராவது இப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

கஸ்டம்ஸ் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுங்க வரி எந்தத் தனி ஆளின் கணக்குக்கும் போகாது. தபாலில் வரும் பார்சலுக்கு வரி இருந்தால் டெலிவரியின்போது தபால்காரர் ரசீதோடு வாங்குவார். கூரியரில் வந்தால் அந்த நிறுவனம் ஆவணத்தோடு கணக்குக் காட்டும். போனில் கூப்பிட்டு மிரட்டி வாங்கும் வழக்கமே கிடையாது. சுங்கத் துறை அனுப்பும் கடிதத்தில் டின் என்று ஓர் ஆவண எண் இருக்கும். அது உண்மையா என்று மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எனக்கு வந்த கடிதத்தில் சிங்க முத்திரை இருந்தது, அந்த எண் இல்லை.

மூன்றாவது தடவை அவரே மும்பைக்கு வந்து இறங்கிவிட்டதாகவும், அளவுக்கு மேல் பணம் கொண்டுவந்ததற்காகப் பிடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். என் வளையல்களை வண்ணார்பேட்டையில் அடகு வைத்து 2,40,000 அனுப்பினேன். அது ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. மறுநாளே இன்னும் மூன்றரை லட்சம் வேண்டும் என்றார்கள்.

கையில் ஒன்றும் இல்லை. கடன் கேட்க டவுனில் இருக்கும் மதினி வீட்டுக்குப் போனேன். என் கணவரின் அக்கா, எழுபத்தைந்து வயது. முழுக்கதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர், அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏட்டி, அந்த ஆளை நீ நேர்ல பாத்திருக்கியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதினி பேரன்தான் போட்டோவை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டான். வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு மருத்துவரின் படம். வேறு வேறு பெயர்களில் நாலைந்து இடத்தில் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு 1930-க்குக் கூப்பிட்டோம். சைபர் மோசடிக்கென்றே உள்ள எண், கட்டணம் இல்லை. பணம் போன தேதி, தொகை, பரிமாற்ற எண், போன கணக்கு எல்லாம் கேட்டார்கள். பிறகு cybercrime என்று தொடங்கும் அரசு தளத்திலும் பதிந்தோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் நிற்கும். அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் பிடிப்பது கஷ்டம். என் விஷயத்தில் கடைசியாக அனுப்பியதில் 71,000 மட்டும் ஒரு கணக்கில் முடக்கப்பட்டது. அதற்கு முன்னால் அனுப்பிய இரண்டும் போனது போனதுதான். வெள்ளிக்கிழமை மாலையே சொல்லியிருந்தால் வளையலையாவது மீட்டிருக்கலாம்.

இன்னொன்று. கோபத்தில் வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். நான் அழிக்கப் போனேன், பேரன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அந்த உரையாடல்தான் சாட்சி. எஃப்.ஐ.ஆரில் ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி இரண்டும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, மூன்று வருடம்வரை சிறை.

வரன் தளத்துக்குப் புகார் எழுதினேன். "அந்த உறுப்பினர் நீக்கப்பட்டார்" என்று இரண்டு வரி வந்தது. ஆறு மாதத்துக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டவர்கள், அந்த ஆள் கொடுத்த எண்ணையாவது போலீஸுக்குக் கொடுங்கள் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. மேட்ரிமோனி தளங்கள் உறுப்பினரைச் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பச்சை அடையாளத்தைக் கொடுத்துவிட்டுக் கையை விரிப்பது சரியா என்று அவர்களே சொல்லட்டும்.

ஒரு மாதம் கழித்து, "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, 15,000 கட்டினால் விடுவிக்கலாம்" என்று ஒருவன் கூப்பிட்டான். என் பெயர், தொகை எல்லாம் சரியாகச் சொன்னான். இதுவும் அதே கூட்டத்தின் வேலைதான். இழந்தவர்களிடமே திரும்ப வருவார்கள். புகாருக்கோ பணத்தைத் திருப்பித் தருவதற்கோ போலீஸ் பணம் கேட்காது.

துணை தேடுகிறவர்கள் தேடுங்கள். முதல் மாதத்திலேயே, நாலு பேர் நடமாடும் இடத்தில், வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் பாருங்கள். சொந்த ஊர் எது என்று சொன்னால் அந்த ஊரில் போய் விசாரியுங்கள். நம் அப்பா அம்மா அப்படித்தானே செய்தார்கள். அகமதாபாத்தில் நாதுபாய் படேல் என்பவர் முதியவர்களை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைக்கும் கூட்டங்களை நடத்திவருகிறார் என்று படித்தேன். நம் பக்கம் அப்படி ஒன்று இருந்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.

1930-க்குக் கூப்பிட்ட அன்றிரவு மகளிடம் போனில் சொன்னபோது அவள் பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நாலு மாசமா எங்கிட்ட மறைச்சியாம்மா" என்று மட்டும் கேட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

முடக்கிய 71,000 ரூபாயைத் திரும்ப வாங்கக் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு மதினியும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.