விலக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருபவர்: ஓர் எச்சரிக்கை

கப்பல் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் ஒரு முகவரைப் பற்றி எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போட முடியாது. ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லலாம். சிறிய சரக்குக் கப்பல், இழுவைக் கப்பல், மிதவை என்று வைத்துத் தொழில் நடத்துகிறவர்களும், அவர்களுடைய அலுவலகத்தில் என்னைப் போல் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் நிறுவனத்தின் கப்பல் கரையோரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த சரக்குக் கப்பல். மொத்த டன்னேஜ், அதாவது கப்பலின் உள் கொள்ளளவைக் காட்டும் எண், 500-ஐச் சற்றே தாண்டும். வம்பே அங்கேதான். கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான 1974-ஆம் ஆண்டின் சோலாஸ் உடன்படிக்கையின் பெரும்பகுதி, பன்னாட்டுப் பயணம் போகும் சரக்குக் கப்பல்களில் 500 டன்னேஜுக்குக் குறையாதவற்றைத்தான் கட்டுப்படுத்தும். உள்நாட்டுக் கரையோரம் ஓடிய வரை அந்த உடன்படிக்கை எங்களைத் தேடி வரவில்லை. பெரிய பழுதுபார்ப்புக்காக வேறொரு நாட்டு உலர்துறைக்குப் போக வேண்டும் என்றதும் வந்து நின்றது. கப்பலில் இருந்த வானொலிக் கருவிகள் ஏ1 கடற்பகுதிக்கு, அதாவது கரை நிலையத்தின் குறுந்தூர வானொலியான வி.எச்.எஃப். அலை எட்டும் தொலைவுக்கு மட்டுமே போதுமானவை. வழியில் அதற்கும் அப்பால் உள்ள ஏ2 பகுதியைக் கடந்தாக வேண்டும். உயிர்காப்புப் படகிலும் குறை இருந்தது.

இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கப்பலுக்கு உடன்படிக்கையே வழி வைத்திருக்கிறது. வழக்கமாகப் பன்னாட்டுப் பயணம் போகாத கப்பல், விதிவிலக்கான சூழ்நிலையில் ஒரே ஒரு பயணம் போக நேர்ந்தால், அந்தப் பயணத்துக்குப் போதுமான பாதுகாப்பு இருக்கிறது என்று கொடி நாட்டு நிர்வாகம் (கப்பல் பதிவான நாட்டின் கடல்துறை) கருதினால், விலக்கு அளிக்கலாம் என்கிறது முதல் அத்தியாயத்தின் 4-ஆம் விதி. வானொலிக்குத் தனியாக நான்காம் அத்தியாயத்தில் 3-ஆம் விதி உண்டு. சுமைக் கோட்டுக்கு, அதாவது கப்பல் எவ்வளவு ஆழம் வரை அமிழலாம் என்ற எல்லைக் குறிக்கு, 1966-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 6-ஆவது உறுப்பு உண்டு. நேராகப் போய் விண்ணப்பித்தால் கிடைக்கக்கூடிய ஒன்றைத்தான் அந்த மனிதர் எங்களுக்கு விற்றார், அதுவும் போலியாக.

உலர்துறையில் இடம் ஒதுக்கிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் தரகர் ஒருவர் மூலமாக வந்தவரை எங்கள் முதலாளிக்குப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. "நிர்வாகத்தில் விண்ணப்பம் போட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். எனக்கு மேலே ஆள் இருக்கிறது. நீங்கள் கப்பலைத் தயார் செய்யுங்கள், தாளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பதிவுச் சான்றிதழின் நகலும் முன்பணமும் கேட்டார். வேறு எதுவுமே கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவரை அடையாளம் காட்டுவது இதுதான். பயண வழி என்ன, எத்தனை பேர் கப்பலில் இருப்பார்கள், சரக்கு ஏற்றுகிறீர்களா, கரையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறீர்கள், படகு இல்லாத இடத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கூட இல்லை. விலக்கு கொடுக்கிற அதிகாரிக்கு இந்தக் கேள்விகளைத் தவிர வேறு வேலையே கிடையாது. விதியை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக நீங்கள் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான் அவர் எடைபோடுகிறார். அதைக் கேட்காமல் ஒருவர் விலக்கு தருகிறார் என்றால் அவரிடம் தருவதற்கு ஒன்றும் இல்லை.

தாள் மின்னஞ்சலில் வந்தது. கப்பலின் பெயர், அழைப்புக் குறி, பதிவுத் துறைமுகம், டன்னேஜ், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் நிரந்தர அடையாள எண்) எல்லாம் சரியாக இருந்தன. முத்திரை பளிச்சென்று இருந்தது. எங்கள் கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது ரொம்பத் தாராளமாக இருக்கிறதே" என்று மட்டும் சொன்னார். அனுபவசாலி. முகவரிடம் கேட்டபோது, "தாராளமாக இருந்தால் உங்களுக்கு நல்லதுதானே" என்று சிரித்தார். புறப்பட்ட துறைமுகத்தில் அனுமதிப் பிரிவுக்குத் தேவைப்பட்டது ஒரு தாள், தாள் இருந்தது, அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

சேர்ந்த துறைமுகத்தில் அந்த நாட்டு ஆய்வாளர் கப்பலேறினார். அதிகம் பேசாத பெண்மணி. சான்றிதழ்க் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் விலக்குத் தாளில் நின்றார். விலக்கின் அடிப்படை என்ற இடத்தில் முதல் அத்தியாயம் 4-ஆம் விதி என்று அச்சிட்டிருந்தது. அதன் மேல் பேனா முனையை வைத்தார். பிறகு பேனா கீழே இறங்கியது. எந்தத் தேவைகளிலிருந்து விலக்கு என்ற இடத்தில் 'பொருந்தும் அனைத்தும்'. நிபந்தனைகள் என்ற இடத்தில் 'இல்லை'. எந்தப் பயணத்துக்கு என்ற இடத்தில் 'எல்லாப் பயணங்களும்'. செல்லுபடியாகும் காலம் ஐந்து ஆண்டுகள். ஒரே ஒரு பயணத்துக்கென்றே எழுதப்பட்ட விதியைக் காட்டி ஐந்து ஆண்டுக்கு எல்லாப் பயணங்களுக்கும் விலக்கு! மேலும், ஒரு விலக்குச் சான்றிதழ் அது எந்தச் சான்றிதழோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அதன் ஆயுளைத் தாண்டி நீடிக்க முடியாது. எங்கள் தாள் எந்தச் சான்றிதழோடும் இணைக்கப்படவில்லை. எந்த ஆய்வின் அடிப்படையில் வழங்கப்பட்டது என்ற தேதிக்கான இடம் வெறுமையாகவே இருந்தது.

அவர் கொடி நாட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டார். அப்படி ஒரு சான்றிதழை நாங்கள் வழங்கவில்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான், கப்பல் தடுத்து வைக்கப்பட்டது.

தடுத்து வைப்பு என்றால் சில நாள் தாமதம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தங்கள் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களை ஆய்வு செய்யும் நாடுகளிடையே 1982-இல் ஏற்பட்ட பாரிஸ் புரிந்துணர்வு ஒப்பந்தமும், ஆசிய பசிபிக் பகுதிக்கு 1993-இல் வந்த டோக்கியோ ஒப்பந்தமும் தடுத்து வைக்கப்பட்ட கப்பல்களின் விவரத்தை வெளிப்படையாக வெளியிடுகின்றன. கப்பலை வாடகைக்கு எடுப்பவர், காப்பீட்டுக்காரர், அடுத்த துறைமுகத்தின் ஆய்வாளர் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். எங்கள் காப்பீட்டு நிறுவனம் சட்டப்படியான சான்றிதழ்கள் செல்லுபடியாக இருந்தால்தான் பாதுகாப்பு என்ற ஷரத்தைச் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொண்டது. உலர்துறையில் எங்கள் இடத்தை வேறு கப்பலுக்குக் கொடுத்துவிட்டார்கள். போலி ஆவணம் காட்டியவர் என்று கேப்டனிடம்தான் முதலில் வாக்குமூலம் வாங்கினார்கள். தாராளமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஒரே மனிதர் அவர்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

முகவர்? முதலில் "அதிகாரிகளுக்குள் தகவல் பரிமாற்றக் குழப்பம்" என்றார். பிறகு "கொஞ்சம் கூடுதல் செலவு ஆகும், அங்கேயும் பேசி முடித்துவிடலாம்" என்றார். அதன் பிறகு கைப்பேசி அணைந்துவிட்டது.

கடைசியில் முறையான விண்ணப்பத்தை நாங்களே கொடி நாட்டு நிர்வாகத்துக்குப் போட்டோம். என்னவெல்லாம் கேட்டார்கள் என்று எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். எந்த விதியின் எந்தப் பத்தியை நிறைவேற்ற முடியவில்லை என்று துல்லியமாகக் குறிப்பிடச் சொன்னார்கள். "உயிர்காப்புக் கருவிகள்" என்று பொதுவாக எழுதியதைத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் முடியவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்திருக்கிறோம், வழி வரைபடம், வானிலை எல்லை, ஆட்களின் எண்ணிக்கை, கிளாஸ் (கப்பலின் தரத்தை ஆய்ந்து சான்றளிக்கும் நிறுவனம்) சர்வேயரின் அறிக்கை ஆகியவை வேண்டும் என்றார்கள். செலவைக் காரணமாக எழுதாதீர்கள் என்று அங்கிருந்த ஓர் அலுவலர் நயமாகச் சொன்னார். கருவி விலை அதிகம் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம்; கடலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

பதில் ஒன்றும் மாதக்கணக்கில் இழுக்கவில்லை. வந்த சான்றிதழைப் பார்த்தபோதுதான் உண்மையான விலக்கு எப்படி இருக்கும் என்று புரிந்தது. கொஞ்சமும் தாராளம் இல்லை. குறிப்பிட்ட விதிகள், குறிப்பிட்ட ஒரே பயணம், குறுகிய காலம். நிபந்தனைப் பகுதி மற்ற எல்லாவற்றையும் விட நீளம். சரக்கு கூடாது, பணியாளர் தவிர யாரும் ஏறக்கூடாது, வாடகைக்கு எடுத்த இன்மார்சாட் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஊதிவிரியும் மிதவைப் படகுகள் எல்லோருக்கும் போதுமான அளவு இருக்க வேண்டும், இன்ன அளவுக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு இருந்தால் புறப்படக்கூடாது, குறித்த நேரங்களில் இருப்பிடம் தெரிவிக்க வேண்டும். விபத்தின்போது செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைக்கருவியைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். வானொலி விலக்கு எதுவானாலும் கொடி நாடு அதைக் காரணத்தோடு பன்னாட்டுக் கடல்சார் அமைப்புக்கு ஆண்டுதோறும் அறிக்கையாக அனுப்ப வேண்டும். பெயருக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல அது.

இதே முகவர் வேறு சரக்கும் விற்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரேடார் பழுதாகிவிட்டதா, "துறைமுகத்தில் நுழைய விலக்கு" வாங்கித் தருகிறாராம். சோலாஸ் ஐந்தாம் அத்தியாயத்தின் 16-ஆம் விதியைப் படித்தவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். பழுதுபார்க்க வசதி உடனே கிடைக்காத துறைமுகத்தில் வழிகாட்டுக் கருவி ஒன்று கெட்டுப்போனது என்பதற்காக மட்டும் கப்பலைத் தகுதியற்றது என்று சொல்லவோ தாமதப்படுத்தவோ கூடாது, கேப்டன் அதைக் கணக்கில் எடுத்துப் பயணத்தைத் திட்டமிட்டிருந்தால் போதும் என்கிறது அது. நீங்கள் செய்ய வேண்டியது, துறைமுகக் கட்டுப்பாட்டுக்கும் கொடி நாட்டுக்கும் கிளாஸுக்கும் நுழைவதற்கு முன்பே தெரிவிப்பது. அவர்கள் இழுவைக் கப்பல் உதவி கேட்கலாம், பகலில் மட்டும் வா என்று சொல்லலாம். அதற்கு இடைத்தரகர் எதற்கு?

பைலட் (துறைமுக நீரில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) இல்லாமல் ஓட்டுவதற்கான விலக்கும் அப்படித்தான். அது துறைமுக ஆணையம் ஒரு கேப்டனின் பெயரில், அவரைச் சோதித்துப் பார்த்து, குறிப்பிட்ட நீர்ப்பகுதிக்குத் தருவது. நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். துறைமுக அதிகாரி சோலாஸிலிருந்து விலக்கு தர முடியாது. கிளாஸ் நிறுவனமும் கொடி நாடு அதிகாரம் கொடுத்த அளவுக்கு மேல் எதையும் தர முடியாது. "கிளாஸ் சர்வேயர் கடிதம் கொடுத்துவிட்டார்" என்பதை விலக்காக எண்ணிப் புறப்பட்டவர்களையும் நான் அறிவேன்.

கையில் ஏற்கெனவே இப்படி ஒரு தாள் இருந்தால், அதில் இருக்கும் எண்ணை அழைத்துச் சரிபார்க்காதீர்கள். எங்கள் தாளின் அடியில் இருந்த தொலைபேசி எண் முகவரின் கூட்டாளியுடையது. அழைத்தவர்களுக்கெல்லாம் "ஆம், நாங்கள் வழங்கியதுதான்" என்று பதில் சொல்லியிருக்கிறார். கொடி நாட்டு நிர்வாகத்தின் முகவரியை நீங்களே தனியாகத் தேடி எடுத்து எழுதுங்கள். மின்னணுச் சான்றிதழ் என்றால் அதற்குத் தனித்த சரிபார்ப்பு எண் இருக்க வேண்டும், அதை நிர்வாகத்தின் சொந்தத் தளத்தில் இட்டுப் பார்க்க முடிய வேண்டும். எங்கள் தாளில் இருந்த சதுரக் குறியீட்டை அலைபேசியில் காட்டினால் அதே தாளின் படம்தான் திறந்தது.

அந்த ஆள் இப்போது வேறு நிறுவனப் பெயரில் உலவுகிறார். அடர்நீல முத்திரை, நிபந்தனைகள் என்ற இடத்தில் 'இல்லை', ஐந்து ஆண்டுக் காலம்: இந்த மூன்றும் சேர்ந்த தாள் உங்களிடம் வந்திருந்தால் கப்பலை அவிழ்க்காதீர்கள். தாளின் நகலையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு கொடி நாட்டு நிர்வாகத்துக்குப் புகார் எழுதுங்கள். எங்களுடையதோடு சேர்த்து விசாரிக்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.