ஹைவேயில செல்ஃப் எடுக்கலன்னா பழைய பேட்டரிய மட்டும் கழட்டிக் குடுத்துடாதீங்க

பொங்கல் முடிச்சிட்டு திருச்சியில இருந்து சென்னை திரும்புறப்ப நடந்தது இது. வண்டியில அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு பசங்க. விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கடையில டீ குடிச்சிட்டு வந்து சாவியத் திருகினா செல்ஃப் எடுக்கல, டக் டக் டக்னு சத்தம் மட்டும் வருது, டேஷ்போர்டு லைட் எல்லாம் மங்கி மங்கி எரியுது. மணி ராத்திரி எட்டு. அம்மாவுக்கு சுகர், நேரத்துக்கு சாப்பிட்டாகணும், எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

கடைக்காரர் "பயப்படாதீங்க சார், பக்கத்துலயே ஆள் இருக்கு"ன்னு போன் போட்டாரு. பத்தே நிமிஷத்துல ஒருத்தர் பைக்ல வந்துட்டாரு, முன்னாடி டேங்க் மேல ஒரு பேட்டரியோட. வண்டிக்கு என்னன்னு நான் இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள பேட்டரி வந்திருச்சு பாருங்க. மீட்டர் கூட வைக்கல. பானெட்டத் திறந்து எட்டிப் பாத்துட்டு "செல் போயிடுச்சு சார், இது இனிமே ஏறாது"ன்னுட்டாரு. 14 மாசம்தான் ஆச்சு, வாரன்டி இருக்குன்னு சொன்னேன், "வாரன்டிய வெச்சு இந்த நேரத்துல எப்படி சார் ஊருக்குப் போவீங்க"ன்னு கேட்டாரு, பின்னாடி அம்மா உக்காந்திருக்காங்க, எனக்கு பதில் வரல. 6,500 ரூபா ஜிபே பண்ணேன். பில் கேட்டா நாளைக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னாரு. பழச எக்ஸ்சேஞ்சுன்னு சொல்லி அவரே பைக்ல வெச்சுக் கட்டிட்டாரு. வண்டி ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.

சரியா 19 நாள். காலையில ஆபீஸ் கிளம்புறப்ப செத்த மாதிரி கிடக்கு. எங்க ஏரியா மெக்கானிக் பாய் வந்து மீட்டர் வெச்சாரு, 11.3 வோல்ட். நல்ல பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 12.6 கிட்ட இருக்கணும். வண்டி ஓடுறப்ப பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் மேல சந்தேகப்பட்டு, வேற பேட்டரியில இருந்து ஒயர் குடுத்து ஜம்ப் பண்ணி ஓடவிட்டுப் பாத்தா 14.1 காட்டுது, சார்ஜிங்ல ஒரு குறையும் இல்ல. அப்புறம் பேட்டரி மேல இருந்த ஸ்டிக்கர் ஓரத்த நகத்தால கீறினாரு, பிசுபிசுன்னு உரிஞ்சு வந்துச்சு, அடியில வேற கலர்ல இன்னொரு ஸ்டிக்கர், பாதி கிழிஞ்சு. செத்துப்போன பேட்டரிய சார்ஜ் ஏத்தி புதுசுன்னு தள்ளியிருக்காங்க.

அதவிட வயிறு எரிஞ்சது அடுத்தது. அன்னைக்கு பானெட் திறந்திருந்தப்ப வீட்டுக்காரி ஒரு போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பியிருந்தா, பாய் அத பெருசு பண்ணிக் காட்டினாரு. பேட்டரியில ஒயர் மாட்டுற பாசிட்டிவ் டெர்மினல் மேல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்த மாதிரி பொடி, அதப் பிடிச்சிருக்கிற ஒயர் கிளாம்ப் ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. "அண்ணே, உங்க பேட்டரிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே, இந்த லூஸ் கனெக்‌ஷன்தான்"னாரு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, அந்த ஆளு புதுச மாட்டுறதுக்கு முன்னாடி கிளாம்ப் உள்ள உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சாரு, நான்தான் டார்ச் அடிச்சேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனால சொல்றேன், டக் டக்னு சத்தம் வந்து லைட் மங்குச்சுன்னா மொதல்ல இக்னிஷன ஆஃப் பண்ணிட்டு டெர்மினல கையால ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா 10ம் நம்பர் ஸ்பேனர்ல டைட் பண்ணுங்க, பொடி இருந்தா நெகட்டிவ மொதல்ல கழட்டிட்டு தேச்சு மாட்டுங்க, மாட்டுறப்ப நெகட்டிவ் கடைசியா. அப்பவும் எடுக்கலன்னா பக்கத்துல நிக்கிற ஏதாவது கார்க்காரர்கிட்ட கேட்டு ஜம்ப் பண்ணுங்க, சிவப்பு ஒயர் ரெண்டு பேட்டரி பாசிட்டிவ்லயும், கறுப்பு நல்ல பேட்டரியோட நெகட்டிவ்ல, இன்னொரு முனைய நம்ம வண்டி இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல, பேட்டரிய விட்டுத் தள்ளி. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா இன்ஜின் பிடிக்கலன்னா அது பேட்டரியே இல்ல, அப்ப ஒருத்தர் பேட்டரியோட வந்து நின்னா திருப்பி அனுப்பிடுங்க. நேஷனல் ஹைவேன்னா 1033க்கு அடிங்க, டோல் ரோட்டுல பேட்ரோல் வண்டி, கிரேன் எல்லாம் இருக்கு, எனக்கு அன்னைக்கு அந்த நம்பரே ஞாபகத்துக்கு வரல.

வேற வழியே இல்லாம புது பேட்டரி வாங்குனாலும் பழச டிக்கியில போட்டுக்கிட்டு வாங்க. எக்ஸ்சேஞ்சுக்கு கொஞ்சம் காசு கொறச்சாலும் பரவால்ல. வாரன்டி கார்டுல இருக்கிற சீரியல் நம்பர்தான் அந்தப் பேட்டரி மேலயும் இருக்கும், கார்ட மட்டும் தூக்கிட்டுப் போனா கடையில மாத்தித் தரமாட்டாங்க, நான் போய் கேட்டுட்டேன்.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் பேசினேன், பில் இருக்கான்னுதான் கேட்டாங்க. என்கிட்ட ஜிபே ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, அதுல ஒரு ஆள் பேர்தான் இருக்கு, கடை பேர் இல்ல. அந்த வாட்ஸ்அப் பில் இன்னும் வரல, போன் போட்டா எடுக்கிறதும் இல்ல.