ஹெலிகேம் வாங்க நினைப்பவர்களுக்கு: பழையதா, வளைகுடாப் பெட்டியில் வருவதா, இந்தியத் தயாரிப்பா?

குமரி மாவட்டத்தில் இப்போது ஹெலிகேம் (கேமரா பொருத்திய ட்ரோன்) ஷாட் இல்லாமல் கல்யாண ஆர்டர் பிடிப்பது கஷ்டம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மேலிருந்து ஒன்று, முட்டம் பாறையில் அலை மோதும்போது ஒன்று என்று பெண் வீட்டாரே பட்டியல் தருகிறார்கள். தக்கலைப் பக்கம் தொழில் செய்யும் என்னிடம் இளைய பையன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, எதை வாங்கட்டும்?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2025 டிசம்பரில் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. வெளிநாட்டு ட்ரோன்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அடைபட்டது புது மாடல்களின் வழி மட்டும். கையில் இருப்பதை ஓட்டலாம், முன்பே அனுமதி பெற்ற மாடல்களை வாங்கலாம். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே 2022 பிப்ரவரி 9 முதல் இறக்குமதிக்கே தடை. முழு ட்ரோனாக வந்தாலும், பாகம் பாகமாகப் பிரித்து வந்தாலும், எந்த நாட்டில் செய்திருந்தாலும் தடைதான். ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. தனி உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை.

சரி, பழையது. நான் வைத்திருப்பது 2019-ல் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கிய சீனத் தயாரிப்பான டி.ஜே.ஐ. ட்ரோன். 2020 ஜனவரியில் ட்ரோன் வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து தெரிவிக்க அரசு அவகாசம் கொடுத்தபோது பதிந்து, ஒப்புகை எண் வாங்கினேன். 2021 ட்ரோன் விதிகள் வந்தபோது அந்த எண்ணும் பில்லும்தான் கைகொடுத்தன. 2021 நவம்பர் 30-க்குள் நாட்டுக்குள் வந்தவற்றுக்கு, வகைச் சான்று (அந்த மாடல் பறக்கத் தகுதியானது என்று அரசு தரும் சான்று) இல்லாமலே தனி அடையாள எண் வாங்க 31 நாள் கொடுத்தார்கள். அப்படிப் பதிந்த ஒன்று இன்று விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அரசுப் பதிவில் உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். குறை என்றால் பேட்டரி. என்னுடைய இரண்டு பேட்டரியும் வீங்கிவிட்டன, மாற்று கிடைக்க மூன்று மாதம் அலைந்தேன்.

அடுத்தது வளைகுடாப் பெட்டியில் வருவது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். என் சித்தப்பா மகன் துபாயிலிருந்து ஒன்று கொண்டுவந்தான். "மக்கா, 249 கிராம்தான், ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றான். எடையைப் பற்றி அவன் சொன்னதில் பாதி சரி. 250 கிராம் வரை நானோ வகை. அதற்கு வகைச் சான்று வேண்டாம், பைலட் சான்று வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் பறக்கவிடுவதற்கு. நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு எந்தச் சலுகையும் இல்லை, இறக்குமதித் தடை எடை பார்ப்பதில்லை. விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்தால் பொருள் போச்சு. தப்பி வந்தாலும் காட்டுவதற்கு இந்திய பில் கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது புகார் செய்து போலீஸ் வந்தால் எதை நீட்டுவீர்கள்? விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் வரை போகும். படத்தின் தரம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் இதை நம்பிப் பிழைப்பு நடத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தியத் தயாரிப்பில் காகிதக் கவலை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான். சிக்கல் வேறு. வகைச் சான்று பெற்றவற்றில் பெரும்பாலானவை மருந்து தெளிக்கவும் நில அளவைக்கும் செய்தவை. நாஞ்சில் நாட்டு வயலுக்கு மருந்தடிக்கும் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கல்யாணப் படத்துக்கு என்றால் கேமரா நடுக்கத்தை அந்தி வெளிச்சத்தில் நேரில் ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்கு ஓட்டினால் பைலட் சான்றும் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறி 18 வயது நிரம்பியிருந்தால் பயிற்சியில் சேரலாம். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், 2023-லிருந்து மற்ற அரசு அடையாள அட்டைகளே போதும்.

உதிரிபாகம் வாங்கிச் சொந்தமாகக் கோத்து ஓட்டுவது பொழுதுபோக்குக்குச் சரி, கூலி வேலைக்கு ஒத்துவராது.

எதை வாங்கினாலும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே எழுப்ப வேண்டும். நம் எல்லையை ஒட்டி ஒருபுறம் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், இன்னொருபுறம் கூடங்குளம் அணுமின் நிலையம். அதில் முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது.

மாதம் இரண்டு கல்யாணம்தான் என்றால் வாங்கவே வேண்டாம். பதிவும் சான்றும் உள்ள ஒருவரை நாள் கணக்கில் கூப்பிடுங்கள், செலவை ஆர்டரிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சித்தப்பா மகனும் இப்போது அதைத்தான் செய்கிறான். அவன் கொண்டுவந்த பெட்டி அலமாரியில் இருக்கிறது.