ரேக் வாங்கும் முன் துளைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள்

வீட்டு ஸ்டுடியோவுக்கு, ஒலிக் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மாட்டும் ரேக் வாங்கவோ, செய்யச் சொல்லவோ போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகக் கூடாது.

நான் வாங்கியது மரப்பெட்டி ரேக். செய்கிறவரே ஆன்லைனில் விற்கிறார். "12 யூ, 19 இன்ச் ஸ்டாண்டர்ட், எந்த மெஷினும் உட்காரும்" என்றார். 19 இன்ச் என்பது கருவியின் முகப்பு அகலம், யூ என்பது உயரத்தை அளக்கும் அலகு. சந்தேகமாகக் கேட்டதற்கு ஒரு வீடியோவும் அனுப்பினார். 1 யூ கருவி ஒன்றை உள்ளே தள்ளி, நான்கு திருகும் தடங்கலில்லாமல் இறங்குவதைக் காட்டினார். அதை நம்பிப் பணம் கட்டினேன்.

ரேக் வந்ததும் கீழே பேட்ச் பேயை (கேபிள்களை மாற்றி மாற்றி இணைக்கும் பலகை) மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது. அதற்கு மேல் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவி. அதுவும் உட்கார்ந்தது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் 3 மி.மீ. இடைவெளி. காற்று போகட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, மைக்கின் ஒலியைப் பெரிதாக்கும் 2 யூ பிரீஆம்ப். கீழ்த் திருகு இரண்டும் இறங்கின. மேலே திருகு போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவியின் இரு பக்கமும் நீட்டியிருக்கும் காதின் ஓட்டை வழியாக, ரெயிலின் (ரேக்கின் இரு பக்கமும் நிற்கும் துளை போட்ட தகடு) துளையில் பாதிதான் தெரிந்தது, மீதி காதுக்குப் பின்னால் மறைந்திருந்தது. நேரமாகிவிட்டதால் இரண்டு திருகோடு விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரு திருகு மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பிரீஆம்ப்பின் பின்பக்கம் இன்டர்ஃபேஸ் மேல் சாய்ந்து கிடந்தது.

போன் செய்தேன். "அரத்தால லேசா ராவி விடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். ராவினேன். இரண்டு துளையிலும் மரை சுத்தமாகப் போய்விட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும், "நீங்க ராவிட்டீங்களே, இனிமே எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். ராவச் சொன்னது அவர்தான். ஆனால் போனில் சொன்னதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் ஸ்கேல் எடுத்து உட்கார்ந்தேன். இ.ஐ.ஏ. 310 என்ற தரப்படி 1 யூ என்பது 44.45 மி.மீ. அதற்குள் மூன்று துளைகள். ஆனால் அவை சம இடைவெளியில் வராது. துளையின் நடுவிலிருந்து நடுவுக்கு 15.875, 15.875, அடுத்து 12.7 மி.மீ., மறுபடி 15.875 என்று போகும். ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அந்தக் குறுகிய 12.7-இன் நடுவில் இருக்கிறது. இவர் எல்லாத் துளையையும் 15.875-லேயே போட்டிருக்கிறார். அதனால் 1 யூ கருவி எங்கே வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும், வீடியோவில் பொருந்தியது போலவே. 2 யூ கருவிக்கு மேல், கீழ்த் துளைகள் 76.2 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இதில் 79.4 வருகிறது. துளைகளை எண்ணினேன். 12 யூவுக்கு ஒரு பக்கம் 36 இருக்க வேண்டும், இருந்தது 33. அதாவது 12 யூ என்று சொல்லி எனக்குக் கொடுத்தது 11 இடம்தான்.

ரெயில் தகடும் மோசம், 1 மி.மீ. கனம்தான். எம்5 திருகின் மரை ஒரு சுற்றுக்கு 0.8 மி.மீ. என்றால், அந்தத் தகட்டில் ஒரு சுற்றுதான் பிடிக்கும். பளுவான கருவியை அது எப்படித் தாங்கும்? ரெயில் குறைந்தது 2 மி.மீ. இருக்கட்டும். கனமான ஆம்ப் என்றால் பின்னாலும் ஒரு தாங்கு வேண்டும்.

வாங்கும் முன் ரெயிலை நேராக நின்று படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து. ஒவ்வொரு மூன்றாவது இடைவெளியும் குறுகலாகத் தெரிய வேண்டும். இரண்டு ரெயிலுக்கும் நடுவே 450 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 2 யூ கருவி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், 1 யூ போதாது. பொருந்தவில்லை என்றால் அரத்தைத் தொடவே தொடாதீர்கள். அப்படியே படமெடுத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். ராவு, வெட்டு என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, மரம் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ரெயிலைக் கழற்றிவிட்டு, அளவு சரியான ரெயில் ஒரு ஜோடி தனியாக வாங்கி மாட்டினேன். பிரீஆம்ப் இப்போது நான்கு திருகிலும் நிற்கிறது. அந்த விற்பனையாளர் இன்றும் அதே ரேக்கை அதே படத்தோடு விற்றுக்கொண்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் துளைகளுக்கு நடுவே எல்லா இடைவெளியும் ஒரே அளவில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது.