பஸ் போர்டு படிக்கும் போன்: மூன்று வருட அனுபவம்

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற விழித்திரை நோய். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே கொஞ்சம் தெரியும், பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. மொரீஷியஸில் இருக்கிறேன்: வீடு கத்ர் போர்னில், வேலை தலைநகர் போர்ட் லூயியில்.

மெட்ரோவைப் பற்றிக் குறையில்லை. 2020 ஜனவரியில் ரோஸ் ஹில்லுக்கும் போர்ட் லூயிக்கும் இடையே ஓடத் தொடங்கியது, 2022 அக்டோபரில் கியூர்பீப் வரை நீண்டது. பிளாட்பாரமும் வண்டியும் ஒரே மட்டம், அடுத்த ஸ்டாப் எது என்று குரல் சொல்லிவிடும். முன்பெல்லாம் பஸ்ஸில் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவேன், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு போச்சு.

தலைவலி மெட்ரோவை விட்டு இறங்கியதும்தான். வெள்ளிக்கிழமை கைலாசம் கோயிலுக்குப் போக இமிகிரேஷன் ஸ்குவேர் பஸ் நிலையத்தில் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் எல்லாம் வரிசையாக நிற்கும், எது எந்தப் பக்கம் போகும் என்று ஒரு குரலும் சொல்லாது. எழுத்தைப் படித்துச் சொல்லும் ஆப் போட்டுப் பார்த்தேன். போனைத் தூக்கிப் பிடித்தால் போர்டை விட்டுவிட்டு பஸ் பக்கவாட்டில் இருக்கும் சோப்பு விளம்பரத்தைப் படிக்கும். மழை பெய்தால் கண்ணாடி பளபளக்கும், அதையும் படிக்காது. ஒருவழியாக ஊர்ப் பெயரை அது சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். போன் குரல் ஆங்கிலத்தில் இருந்தால் கியூர்பீப் 'கியூர் பைப்' ஆகிவிடும், சிரிப்பு வேறு. பிரெஞ்சுக் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், உண்மையாகவே உதவும்.

பஸ் நேரம் காட்டும் ஆப் ஒன்றும் வைத்திருந்தேன். நேர அட்டவணையை அப்படியே படமாகப் போட்டிருந்தார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி என் போனில் உண்டு; விரலை வைத்தால் போன் "படம்" என்கிறது, அடுத்த பக்கம் போனாலும் "படம்". அட்டவணையை எழுத்தாகப் போட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதிலில்லை.

இப்போது பஸ் எது என்று பக்கத்தில் நிற்கும் தாந்தின் (இங்கே அத்தை மாதிரிப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) யாரிடமாவது கேட்டுவிடுகிறேன், மூன்று நொடி வேலை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் போன்: மேப்பில் கோயில் வாசலைச் சேமித்து வைத்திருக்கிறேன், இன்னும் எத்தனை மீட்டர் என்று சொல்லிக்கொண்டே வரும். இயர்போன் ஒரு காதில் மட்டும், இன்னொரு காது கண்டக்டருக்கு.

நேரம் காட்டும் ஆப்பை அழித்துவிட்டேன். படிக்கும் ஆப் இருக்கட்டும், மாத்திரை அட்டை படிக்க நன்றாக உதவுகிறது.